தைத்த கரங்களும் போர்த்திய அன்பும்

பங்குத் திருவிழாவின்போது கோவில் வளாகத்தில் அமைக்கப்படும் கடைகளையும், மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்தும் விற்பனைக் கண்காட்சிகளையும் காணச் செல்லும் நம் குடும்பத்தினர், பெரும்பாலும் ஊறுகாய், அப்பளம், பனையோலைக் கூடை ஆகியவற்றின் முன்னே நின்றுவிடுகின்றனர். ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஒட்டுப்போட்ட போர்வையையும் தொட்டில் விரிப்பையும் எடுத்து விரித்துப் பார்ப்போர் சிலரே. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் இத்தகைய கண்காட்சிகளைக் காணும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நாம் முதலில் தேடிச் செல்வது அந்த ஓரத்தைத்தான்.

பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசி மேலும் கீழுமாக ஓடும் எளிய தையலால் இணைத்து, கிழிந்த இடங்களில் வண்ணத் துண்டுகளை ஒட்டுப் போட்டு உருவாக்கும் விரிப்பு, நம் பாட்டிமார் நன்கு அறிந்த ஒன்று. மேலை நாட்டினர் இதன் வகைகளைக் 'குயில்ட்' என்பர். வங்கத்தில் இதன் பெயர் 'கந்தா'. நம் மொழியில் வழங்கும் 'கந்தை' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி, அந்நூலாலேயே பூவும் மீனும் தேரும் தைத்தனர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசிய வணிகர் வங்கத்தில் தைக்கச் செய்து கொண்டுசென்ற பெரும் விரிப்புகளில், சாலமோன் மன்னரின் தீர்ப்பு போன்ற திருமறைக் காட்சிகளும் இடம்பெற்றன. சிவகாசிப் பெரியோர்களான ஐயநாடாரும் சண்முகநாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அதே வங்கம் கந்தலையும் கலையாக்கிக் காட்டியது என்பதையும் அறிந்துகொள்வது நன்று.

நமக்கு இன்னும் அண்மையிலேயே, கருநாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளை அடுத்து சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியர் காலத்திலும் அதனை ஒட்டியும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்களுள் இந்துக்களும் இசுலாமியரும் உள்ளனர். கத்தோலிக்கரும் உள்ளனர். இப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அடியில் ஒரு சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் வந்து முடிப்பர். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் தம் போர்வைகளில் சிலுவை அடையாளத்தையும் பொருத்துவதுண்டு. நான்கு மூலைகளிலும் சிறு துணியை மடித்து 'பூ' வைத்த பின்னரே போர்வை நிறைவுபெறும். பூ இல்லாத போர்வையை ஆடையற்றது என்றே அவர்கள் கூறுவராம்! உறங்கும் குழந்தை காணாத மூலைக்கும் அழகு செய்வதே தாயன்பு அன்றோ? அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி துருவால் 2004-ஆம் ஆண்டில் இப்பெண்களோடு இணைந்து ஒரு கூட்டுறவு முயற்சியைத் தொடங்க உதவினார். அதன் பின்னர் இப்போர்வைகள் அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் இடம்பெற்றன. நம் தமிழகத்திலும் 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை மாநகரில் இந்திய ஒட்டுத்தையல் போர்வை விழா நடைபெற்றது.

கண்காட்சிக்குச் செல்வோர் போர்வையின் அருமையை அறிவது எங்ஙனம்? முதலில் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல்கள் ஒரே அளவில் அமைந்திருந்தால் கை பழகிய கை. அடுத்து, துணியைத் தொட்டுப் பாருங்கள். பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வாராது. பின்னர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 அடி அகலமும் 7 அடி நீளமும் உள்ள போர்வையில், ஓர் அங்குல இடைவெளியில் நீளவாட்டில் தைத்தால் ஏறத்தாழ 60 வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையும் 84 அங்குலம். அங்குலத்திற்கு 5 தையல் எனில் ஒரு வரிசைக்கு 420. மொத்தம் 25,200 தையல்கள்! நிமிடத்திற்கு 20 தையல் போடுவதாகக் கொண்டாலும் 21 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 7 மணி நேரம் என்றால் மூன்று முழு நாள் உழைப்பு. துணி வெட்டுவதும் அடுக்குவதும் ஓரம் மடிப்பதும் இக்கணக்கில் சேரா. இவ்வளவையும் அறிந்த பின்னர், "பழந்துணிதானே, பாதி விலைக்குத் தரலாகாதா?" என்று பேரம் பேச நமக்கு நா எழுமா? உழைப்பவருக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபை கற்பிப்பது ஆலை முதலாளிகளுக்கு மட்டுமன்று. கடை முன் நிற்கும் நமக்கும் பொருந்தும்.

நம் வட்டாரத்தில் இப்போர்வைகளுக்குத் தனிப் பொருளும் உண்டு. பட்டாசு ஆலைக்குச் செல்லும் பெண்கள் பருத்தி ஆடையையே உடுத்த வேண்டும். செயற்கை இழைத் துணியில் உராய்வினால் மின்னேற்றம் உண்டாகிப் பொறி தோன்றக்கூடும் என்பதே காரணம். ஆதலால் மற்ற ஊர்களில் அருகிவரும் பருத்திச் சேலை, இங்கு உழைக்கும் பெண்களின் உடையாகவே நிலைத்திருக்கிறது. அச்சேலை நைந்த பின்னர் பிறந்த குழந்தையைப் போர்த்துகிறது, தொட்டிலாகிறது, இறுதியில் கரித்துணியாகிறது. அதனையே அடுக்கித் தைத்தால் இன்னும் பல்லாண்டு பயன்தரும்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்த பின்னர், பட்டாசுத் தொழிலில் வேலை குறைந்த குடும்பங்கள் பல. ஊசியும் நூலும் அவ்வருவாய்க்கு முழு ஈடாகிவிடும் என்று நாம் கூற முன்வரவில்லை. எனினும், வேலையற்ற நாள்களில் வீட்டிலிருந்தே ஈட்டும் சிறு தொகையும், தம் கைவேலையைப் பிறர் நின்று பாராட்டும் மகிழ்ச்சியும் சிறியன அல்ல.

வேறொன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகளை இவ்வட்டாரம் மறக்கவில்லை. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் திரும்பாத வீடுகளில், அவர் உடுத்திய துணிகள் மட்டும் கொடியில் எஞ்சின. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர் அது. அங்கு 1942-ஆம் ஆண்டில் மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, இறந்துபோன தம் கணவர் வயலில் உடுத்திய துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அவ்வன்பினால் தம்மைப் போர்த்திக்கொள்ளவும் அதனைச் செய்தார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது நாடே வியந்தது. 2006-ஆம் ஆண்டில் அவை அஞ்சல்தலைகளிலும் அச்சிடப்பட்டன.

ஆயினும் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட ஒரு கண்காட்சி நம் திருமறையிலேயே உள்ளது. திருத்தூதர் பணிகள் நூல் 9-ஆம் அதிகாரத்தில், யோப்பா நகரத்துத் தபித்தா இறந்து கிடக்கிறார். பேதுரு வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து அழுகின்றனர். தபித்தா தங்களோடு இருந்தபோது தைத்துத் தந்த ஆடைகளை அவருக்குக் காட்டுகின்றனர். அப்பெண்ணின் பக்தியைப் பற்றி அவர்கள் நீண்ட உரை நிகழ்த்தவில்லை. அவர் தைத்த துணிகளே சான்றாயின.

ஆகவே நம் பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் இக்கைவேலைக்கென ஒரு பந்தல் அமையுங்கள். மடித்து அடுக்காமல், கயிறு கட்டி விரித்துத் தொங்கவிடுங்கள். தைத்தவரின் பெயரையும் தைக்க ஆன நாள்களையும் ஒரு சீட்டில் எழுதிக் குத்தி வையுங்கள். விலையை அவரே சொல்லட்டும். நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், விபத்தில் மாண்டோரின் குடும்பங்கள் விரும்பினால், அவர்தம் துணிகளில் ஒவ்வொரு துண்டைச் சேர்த்துப் பங்கு முழுவதும் கூடி ஒரு போர்வை தைக்கலாம். அதனைப் பீடத்தின் முன் விரித்து மன்றாடலாம். பாட்டிமார் உயிரோடிருக்கும் இல்லங்களில், பேத்திகள் இன்றே ஊசியும் நூலுமாக அவர்கள் அருகில் அமரட்டும். அக்கைகளின் பழக்கம் அவர்களோடு மறைந்துபோக நாம் விடலாகாது.