நாலுக்கு விடை சி!

"1 பி, 2 டி, 3 ஏ, 4 சி..."

புதன்கிழமை இரவு பதினொன்றேகால். தென் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் பத்து விடைகள் வந்து விழுகின்றன. பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள் அந்த வாரத்து அசைன்மென்ட்டை ஏற்றியாக வேண்டும். அடுத்த சில நிமிடங்களுக்குக் கும்பிடு பொம்மைகளாகக் கொட்டுகின்றன. "தெய்வமே!" என்கிறார் ஒருவர். அந்தக் கும்பிடுகளில் ஒன்று தங்கள் துறையின் உதவிப் பேராசிரியர் போட்டது என்று, குழுவை எனக்குக் காட்டிய மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கொரோனா நாட்களில் மொட்டை மாடியில் சிக்னல் தேடிப் படித்த கதை எல்லோருக்கும் தெரியும். கல்லூரி திறந்ததும் செல்போன் வகுப்புகளை ஆசிரியர், மாணவர் இரு தரப்பும் தலைமுழுகிவிட்டன. ஆனால் இந்த அசைன்மென்ட்டைக் கொடுக்கும் என்பிடெல், ஸ்வயம் ஆகிய இணையவழிப் பாடத் தளங்களின் பக்கம் மட்டும் கூட்டம் குறையவில்லை. கட்டாயம் போனபின்னும் இவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது?

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் என்பிடெல்லைத் தொடங்கியபோது, அது வெறும் பாட வீடியோக்களின் களஞ்சியம். ஆசை உள்ளவர்கள் பார்த்தார்கள். 2014-ல் தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017-ல் ஸ்வயம் வந்தது. ஒரு செமஸ்டர் பாடங்களில் 20 சதவீதம் வரை இணையவழியில் படித்து கிரெடிட் வாங்கலாம் என்று 2016-ல் இருந்த விதி, 2021-ல் 40 சதவீதம் ஆனது. ஆசைக்குப் பார்த்ததை அவசியத்துக்குப் பார்க்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

மாணவருக்கு என்ன லாபம்? 12 வாரப் பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட். மூன்றாம் ஆண்டிலேயே இரண்டு எலெக்டிவ்களை இப்படி முடித்துவிட்டால், இறுதி ஆண்டில் பிளேஸ்மென்ட்டுக்கும் புராஜெக்ட்டுக்கும் நேரம் கிடைக்கும். ஆசிரியருக்கு? தகுதியான 8 வாரப் பாடம் ஒன்றை முடித்தால், நேரில் போய் உட்கார வேண்டிய ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி ஒன்றுக்குச் சமம். பதவி உயர்வுக் கோப்பில் அந்தத் தாள் இருக்க வேண்டும். கல்லூரிக்கும் கணக்கு உண்டு. எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்குத் தங்கச் சான்றிதழ் என்ற எண்ணிக்கை தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட உதவும். ஆக, மூன்று தரப்புக்கும் தேவை ஒரே காகிதம்.

அந்தக் காகிதம் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25. கணினி மையத்தில் கண்காணிப்போடு நடக்கும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வார அசைன்மென்ட்டில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 60 எடுத்தால் சான்றிதழில் 'எலைட்' என்று வரும். வாட்ஸ்அப் புண்ணியத்தில் 25-ம் முழுதாகக் கையில் இருந்தால், தேர்வில் 75-க்கு 35 போதும், எலைட்! பாதிகூட வேண்டாம். சொந்தமாக முயன்று அசைன்மென்ட்டில் 15 வாங்கிய அப்பாவி, அதே எலைட்டுக்குத் தேர்வில் 45 எடுக்க வேண்டும். நேர்மையின் விலை பத்து மதிப்பெண்.

சென்ற பருவத் தேர்வின்போது மதுரைப் புறநகரில் ஒரு தேர்வு மையத்தின் வாசலில் நின்றிருந்தேன். கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஹால்டிக்கெட்டும் அடையாள அட்டையுமாக வரிசைக்கு வந்தார் ஓர் இளம் ஆசிரியை. அவருக்கு முன்னால் நின்றவர் அவருடைய வகுப்பு மாணவர்.

"மேம், நீங்களும் இதே கோர்ஸா?"

"ஆமாப்பா. ஏழாவது வாரம் உனக்குப் புரிஞ்சுதா?"

"எங்க மேம்... குரூப்ல வந்ததப் போட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு ஹால்டிக்கெட்டைப் பார்த்தார். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் பேசினேன். "வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிளாஸ். அதுபோக ஃபைல் வேலை. லீவு விட்டா அட்மிஷனுக்கு ஊர் ஊராப் போகணும். நான் எப்ப சார் வீடியோ பாக்குறது? அவனத் திட்டுனா என்னையும்ல திட்டிக்கணும்?" என்றார். குழந்தை அழத் தொடங்கியது. ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

எனக்குள்ள கவலை இதுதான். காப்பியடிப்பது புதிதல்ல. ஆனால் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதியவன்கூட அந்தக் காலத்தில் கணக்கை வரிவரியாகக் கையால் எழுதினான். பத்து வரியில் ஒரு வரியாவது மண்டையில் ஒட்டும். இப்போது நகலெடுக்க வேண்டியது ஒரே ஓர் எழுத்து. அது பி-யா சி-யா என்பதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அன்று பிடிபட்டால் காதைத் திருக ஒரு வாத்தியார் இருந்தார். இன்று அவரும் அதே குழுவில், அதே விடைக்காக, அதே இரவில் காத்திருக்கிறார். வேலியும் பயிரும் சேர்ந்து மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

உண்மையாகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீடியோவை மூன்று முறை ஓடவிட்டு, தமிழில் மொழிபெயர்த்த பாட உரையையும் பக்கத்தில் வைத்துத் தெளிந்த மாணவி ஒருவரையும் பார்த்தேன். தளத்தின் மீதும் குறையில்லை. நாட்டின் சிறந்த பேராசிரியர்களை அது காசில்லாமல் வீட்டுக்கு அழைத்து வருகிறது. நாம்தான் வந்தவரை வாசலிலேயே நிற்கவைத்து, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறோம்.

விதியை மாற்றச் சொல்லி நான் எழுதப் போவதில்லை, மாறும்போது மாறட்டும். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். வியாழக்கிழமை முதல் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முந்தின இரவு எல்லோரும் அனுப்பிய விடைகளில் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். "நாலுக்கு விடை சி. சரி, ஏன் சி?" என்று கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லையா? உங்களுக்கும் தெரியவில்லையா? வெட்கப்படாமல் சேர்ந்தே போட்டுப் பாருங்கள்.

இதற்குக் கிரெடிட் கிடையாது. ஆனாலும் செய்யுங்கள்.