0.13-க்கு ஒரு ஸ்ட்ரைக்!

ஒரகடம் ஜங்ஷன்ல காலையில நின்னு பாருங்க... கம்பெனி பஸ்ஸா பறக்கும். நமக்கு கவர்மென்ட் பஸ்தான் கதி! அதுவும் நின்னா?

2018 ஜனவரி 4 அன்னிக்கு தமிழ்நாடு முழுக்க நின்னுச்சு. அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல பெருக்கித் தரணும்னு கேட்டன தொழிற்சங்கங்கள். அரசு 2.44-ஐத் தாண்டலை.

'ப்பூ... 0.13தானா?'ங்கறீங்களா? அடிப்படைச் சம்பளம் 10,000-னா மாசம் 1,300 ரூபாய் பாஸ்! ரிடையர் ஆனவங்களுக்குத் தரவேண்டிய பாக்கி வேற.

ஹைகோர்ட் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தரா நியமிக்க, 11-ம் தேதி ஸ்ட்ரைக் வாபஸ். ஜனவரி 20-ல பஸ் கட்டணம் எகிறுச்சு. ரோட்டுக்கு வந்தது நம்ம ஸ்டூடன்ட்ஸ்!

போக்குவரத்துக் கழக நஷ்டத்தை யார் சுமக்கறது... டிரைவரா, டிக்கெட் எடுக்கறவரா, அரசா? அடுத்த ஸ்ட்ரைக்ல கண்டக்டரைத் திட்டறதுக்கு முன்னாடி, இதை யோசிங்க!