ஒப்புரவு நீதி

ஒருவன் பிறனுக்குத் தீங்கு செய்யுமிடத்து, எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியவர் யாவர், அவர்க்குரிய தண்டனை யாது என ஆராய்வது நீதிமன்றங்களின் வழக்கம். தீங்குற்றவர் யாவர், அவர்க்கு இப்பொழுது வேண்டுவது யாது, அதனைச் செய்து தீர்க்கக் கடமைப்பட்டவர் யாவர் என ஆராய்வதே ஒப்புரவு நீதியாம். இவ்வேறுபாட்டை அமெரிக்க அறிஞராகிய ஹோவர்ட் ஸேர் என்பார் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே விரித்துரைத்தார்.

ஒப்புரவு என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. வள்ளுவனார் பிறர்க்குதவி வாழும் வாழ்வைக் கூறும் அதிகாரத்திற்கு 'ஒப்புரவறிதல்' எனப் பெயரிட்டார். தமிழ்த் திருமறையோ பிரிந்தவர் மீண்டும் கூடுதலை இச்சொல்லாற் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே கூடினாலன்றி ஒப்புரவு நிறைவுறாது. இழந்ததை ஈடுசெய்யாது கூடுதல் வெறும் வாய்ச்சொல்லேயாகும்.

கனடா நாட்டில் எல்மைரா என்னும் சிற்றூரில் 1974-ஆம் ஆண்டு இளைஞர் இருவர் ஓரிரவில் 22 இடங்களிற் பிறருடைமைகளைச் சேதப்படுத்தினர். மெனனைட் சபையைச் சேர்ந்த மார்க் யான்ட்ஸி என்னும் நன்னடத்தை அதிகாரி, அவ்விருவரும் இழப்புற்றோரை நேரிற் கண்டு பேசுதல் நலமென்று நீதிபதிக்கு எடுத்துரைத்தார், நீதிபதியும் அதற்கிசைந்தார். இளைஞர் வீடுவீடாகச் சென்று, தம் செயலால் விளைந்ததைச் செவியாரக் கேட்டனர். சில திங்களில் ஈட்டுப்பணத்தையும் செலுத்தினர். இக்காலத்துப் பல நாடுகளில் வழங்கும் ஒப்புரவுச் சந்திப்புகட்கு இதுவே வித்தாயிற்று.

இது திருமறைக்கும் ஒத்ததேயாம். பிறன்பொருளைக் கவர்ந்தவன் தன் குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்திலொரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டுமென்பது மோசேயின் சட்டம். எரிகோ நகரத்துச் சகேயுவோ நாலத்தனையாகத் திருப்பித்தர முன்வந்தான். பலிபீடத்தண்டை நிற்பவன் தன்மேற் குறையுள்ள சகோதரனை நினைவுகூரின், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் அவனிடஞ் செல்லவேண்டுமென்று நம் ஆண்டவர் போதித்தார். 'முதலில்' என்னும் அம்முறையையே நாம் மறந்துவிடுகின்றோம்.

யானும் மறந்தேன். முன்பு யான் தங்கியிருந்த ஒரு விடுதியில், நண்பரொருவரின் மூக்குக்கண்ணாடி என் காற்பட்டு உடைந்தது. பழி அறை பெருக்கும் அம்மையார்மேல் விழுந்தது. பலர் முன்னிலையில் அவர் கடிந்துரைக்கப்பட்டார். யான் வாய்திறந்திலேன். அன்றிரவு முழங்காற்படியிட்டுக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினேன், நன்றாக உறங்கினேன். மறுநாட் காலையில் அவர் தலைநிமிராது பெருக்கக் கண்டபொழுதுதான் என் செபத்தின் குறை புலனாயிற்று. நண்பரிடம் உண்மையைச் சொல்லி விலையைக் கொடுத்தேன். பின்னர் அம்மையாரிடஞ் சென்று, மன்னிப்புக் கேட்டுச் சிறிது பணமும் நீட்டினேன். அவர் அதனைத் தொடவில்லை. "பத்துப்பேர் முன்னே பட்ட பழி, தம்பி, பத்துப்பேர் முன்னேதான் தீரவேண்டும்" என்றார். அன்றிரவு உணவுக்கூடத்தில் எழுந்து நின்று, யாவருங் கேட்க உண்மையை உரைத்தேன். மன்னித்தேன் என்று அவர் கூறவில்லை. கூறும்படி கேட்க எனக்கு உரிமையுமில்லை.

ஈண்டு ஓரெச்சரிக்கை வேண்டும். மன்னிக்குமாறு தீங்குற்றவரை நெருக்குதல் மற்றுமொரு தீங்காகும். கொடுமைக்கு உட்பட்டாரை அஞ்சத்தக்கவர் முன் வலிந்து நிறுத்துதலும் தகாது. அவர்க்குச் சட்டத்தின் காவலே முதற்கண் வேண்டுவது.

ஆயின், நம் அன்றாட வாழ்விலோ இரவல் வாங்கித் திருப்பாத புத்தகம், புறங்கூறிக் கெடுத்த நற்பெயர், பிறர்மேல் விழவிட்ட பழி ஆகியவையே மிகுதி. இவற்றுள் நம்முடையது எது என்பதை நாமே அறிவோம். அதற்குரியவரிடஞ் சென்று, "யான் உமக்குச் செய்யவேண்டுவது யாது?" என்று கேட்போம், அவர் சொல்வதைச் செய்தபின் பலிபீடத்திற்குத் திரும்புவோம்.