செங்காந்தள்

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் நிரல்படக் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் முதற்கண் நிற்பது செங்காந்தள். அது முருகனுக்குரிய மலர் என்பர் முன்னோர். மகளிரின் மெல்விரலுக்கு அதன் இதழை உவமை கூறினர் புலவர். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலராகவும் விளங்குகின்றது. இத்துணைப் பெருமை வாய்ந்த மலரின் பெயரை அறிந்தோர் பலர்; மலரைக் கண்டு அறிந்தோர் சிலரே. அதனை நம் வீட்டுத் தோட்டத்திலும் வளர்க்கலாம். ஆனால், அதன் இயல்பை முழுதும் அறிந்த பின்னரே வளர்த்தல் வேண்டும்.

காந்தள் கொடி வகையைச் சேர்ந்தது. காட்டோரங்களிலும் வேலிகளிலும் தானே முளைத்துப் படரும். இதன் இலைநுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாக மாறிவிடும். கொடி அதனால் அருகிலுள்ள கொம்பைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு இரு கவைகளாகப் பிரிந்து கலப்பையைப் போலக் காணப்படும். ஆதலால் இதனைக் கலப்பைக்கிழங்கு என்று மக்கள் வழங்குவர்; கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் இதற்கு உண்டு.

இதன் மலரின் அழகு தனித்தன்மை வாய்ந்தது. அரும்பு பசுமையாய்த் தலைகவிழ்ந்து தொங்கும். மலரும்போது அதன் ஆறு இதழ்களும் பின்புறமாக வளைந்து, தீக்கொழுந்துபோல் மேல்நோக்கி நிற்கும். இதழ்களின் ஓரம் அலைபோல் நெளிந்திருக்கும். முதலில் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகத் தோன்றும் பூ, நாள் செல்லச் செல்ல முழுதும் செந்நிறம் பெறும். சூல்தண்டோ பூவின் நடுவில் நில்லாது, பக்கவாட்டில் மடங்கி வெளியே நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மீதே படாமல், வேறொரு பூவின் மகரந்தத்தைப் பெறுதற்கு இவ்வமைப்பு துணை செய்கின்றது.

விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். கிழங்கை நட்டால் அவ்வாண்டிலேயே பூக்கும். ஆடி, ஆவணித் திங்கள்கள் நடுதற்கு ஏற்றவை. நீர் தேங்காத செம்மண்ணும் மணலும் கலந்த நிலம் சிறந்தது. இடமில்லாதவர் அடியில் துளையுள்ள அகன்ற மண்தொட்டியில் நடலாம். நன்கு மக்கிய எருவை மண்ணோடு கலந்து, ஏறத்தாழ 6 செ.மீ. ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து மூடுதல் வேண்டும். கிழங்கின் கவைநுனியில் உள்ள குருத்து ஒடியாமல் காத்தல் இன்றியமையாதது. அது ஒடிந்தால் மீண்டும் முளைப்பது அரிது.

கொடி எழுந்தவுடன், காய்ந்த சுள்ளிகளையோ மூங்கிற் கழிகளையோ அருகில் ஊன்றுக. மண் காய்ந்தபோது மட்டும் நீர் விடுக. நீர் மிகுந்தால் கிழங்கு அழுகிவிடும். கருநிற உடலில் புள்ளிகள் கொண்ட ஒருவகைப் புழு இலைகளைத் தின்னும். அதனைக் குச்சியால் எடுத்து அகற்றுக. ஐப்பசி, கார்த்திகையில் கொடி பூத்துப் பொலியும். பின்னர்க் காய் முற்றியதும் கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். செடி இறந்தது என்று கருதித் தோண்டி எறிதல் கூடாது. மண்ணுக்குள் புதிய கிழங்கு உறங்குகின்றது. நீர் விடுவதை நிறுத்திவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் தளிர்க்கும்.

இவ்வழகிய கொடியின் எல்லா உறுப்புகளிலும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. உண்ணத்தக்க கிழங்கு என்று பிழையாகக் கருதி உண்டோர் உயிரிழந்ததும் உண்டு. ஆகவே, சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத இடத்திலேயே இதனை வளர்த்தல் வேண்டும். சமையலறைக் கிழங்குகளோடு இதனைச் சேர்த்து வைத்தல் ஆகாது. தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. யாரேனும் அறியாது உண்டுவிட்டால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும்வரை காத்திராது, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

அந்நஞ்சே அளவறிந்த மருத்துவர் கையில் மருந்தாகின்றது. கோல்ச்சிசின் என்னும் அப்பொருள், மூட்டுகளில் கடும் வலி தரும் ஒருவகைக் கீல்வாத நோய்க்கு உதவுகின்றது. இதன் பொருட்டே ஒட்டன்சத்திரம், மூலனூர் முதலிய பகுதிகளில் உழவர்கள் காந்தளைப் பயிரிட்டு விதைகளை விற்கின்றனர். ஆனால், காட்டில் தானே வளரும் காந்தளை மருந்துக்காகவும் விற்பனைக்காகவும் அகழ்ந்தெடுப்பாரும் உளர். கிழங்கை அகழ்ந்தால், மறு ஆண்டு அவ்விடத்தில் கொடி ஏது?

ஆகையால், காந்தளை வளர்க்க விரும்புவோர் காட்டிலிருந்து பெயர்த்து வருதல் தகாது. பயிரிடுவோரிடமிருந்தோ நாற்றுப்பண்ணையிலிருந்தோ கிழங்கை விலைக்குப் பெறுக. நம் தோட்டத்தில் ஒரு கொடி பூப்பதற்காகக் காட்டில் ஒரு கொடி அழிதல் கூடாது. பழம்புலவர் கண்டு மகிழ்ந்த மலரை, அது பிறந்த மலையிலேயே நம் பின்னோரும் காணுமாறு விட்டுவைப்பது நம் கடமையாகும்.