கார் வயிற்றில் காற்று!

மலைப் பாதையில் ஒரு கார் ஓரமாக நிற்கிறது. பானெட்டு திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்து குபுகுபு என்று ஆவி வருகிறது. குழந்தைகள் ஓரக்கல்லில் உட்கார்ந்து இருக்கிறார்கள். அம்மா கையில் தண்ணீர்ப் பாட்டில். டிரைவர் தலையில் கை வைத்தபடி நிற்கிறார்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகிற வழியில், கோடை காலத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு.

"நேற்றுத்தான் ரேடியேட்டரைக் கழுவி, எல்லாம் புதுசாக ஊற்றினோம். அப்புறமும் ஏன் அண்ணே கொதிக்கிறது?" என்று மெக்கானிக்கிடம் போனில் கேட்பார் டிரைவர்.

கோளாறு அங்கேதான் இருக்கிறது. கழுவினார்கள். ஊற்றினார்கள். காற்றை வெளியேற்றினார்களா?

கிணற்று மோட்டார் போலத்தான்!

கார் என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டை எடுத்துப் போக, என்ஜினைச் சுற்றி நீர் ஓடுகிறது. வெறும் தண்ணீர் அல்ல. 'கூலன்ட்' என்ற திரவம் கலந்த நீர். அது முன்பக்கம் உள்ள ரேடியேட்டருக்குப் போய், வெளிக்காற்று பட்டு ஆறி, மறுபடியும் என்ஜினுக்கு வருகிறது. ஒரு சிறிய பம்பு அதைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் 'உர்ர்' என்று ஓடும். தண்ணீர் வராது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் காற்றை விரட்டின பிறகே இழுக்கும். கார் பம்பும் அதே ஜாதிதான். தண்ணீரைத் தள்ளும். காற்றைத் தள்ளத் தெரியாது.

காற்று நின்ற இடத்தில் நீர் இல்லை. நீர் இல்லாத இடத்தில் சூடு ஏறும். என்ஜினின் மேல்பாகத்தை 'ஹெட்' என்பார்கள். இன்றைய கார்களில் அது பெரும்பாலும் அலுமினியம். சூடு மிஞ்சினால் வளைந்துவிடும். அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட்டு பிய்ந்துபோகும். ஹெட்டைக் கழற்றி, சமன் செய்து, புதுக் கேஸ்கெட்டு போட வேண்டும். ஒரு கேன் கூலன்டோடு முடிய வேண்டிய செலவு, வீட்டு வாடகையையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்!

முள் பொய் சொல்லும்

"சூட்டைக் காட்ட முள் இருக்கிறதே, அதைப் பார்த்து ஓட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. அந்த முள்ளுக்குச் சேதி சொல்லும் கருவி நீரில் நனைந்து இருக்க வேண்டும். அது காற்றுக் குமிழிக்குள் மாட்டிக்கொண்டால், சூட்டைக் குறைத்துக் காட்டும். என்ஜின் வெந்துகொண்டு இருக்கும். முள் சாதுவாக நிற்கும்!

வேறு அடையாளங்கள் உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால் 'கொடகொட' என்று சத்தம் கேட்கும். முள் ஏறும், திடீரென்று இறங்கும். ஹீட்டரைப் போட்டால், என்ஜின் சூடாக இருந்தும் குளிர்ந்த காற்று வரும்.

பழைய காரில் இந்தத் தொல்லை குறைவு. 2014-ம் ஆண்டு வரை தயாரான அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். ரேடியேட்டர் நெட்டையாக நிற்கும். அதன் தலையில் மூடி. காற்றுக்கு மேலே போகத்தானே தெரியும்? போய்விடும். இப்போது காரின் மூக்கு தாழ்ந்துவிட்டது. பல கார்களில் ஹீட்டர் குழாயும் என்ஜினின் தலையும் ரேடியேட்டரை விட உயரத்தில் இருக்கின்றன. காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. பார்க்க அழகுதான். வேலை இரட்டிப்பு!

இன்னொரு தடையும் உண்டு. 'தெர்மோஸ்டாட்' என்ற கதவு, நீர் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி வரை சூடான பிறகே திறக்கும். ஊற்றும்போது அது மூடி இருக்கிறது. அதனால் ரேடியேட்டர் நிரம்பி வழியும். என்ஜினுக்குள் பாதி காலியாக இருக்கும்.

எப்படி விரட்டுவது?

என்ஜின் நன்றாக ஆறி இருக்க வேண்டும். காரின் முன்பக்கம் மேட்டில் நிற்க வேண்டும். ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவது இல்லை. காற்று ஒளிந்துகொள்வதோ அங்கேதான்! சில கார்களில் காற்று போக்கும் திருகாணி தனியாக இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். குமிழி இல்லாமல் நீர் ஒரே கம்பியாக வந்ததும் மூடிவிடலாம்.

பிறகு, மூடியைப் போடாமலே என்ஜினை ஓடவிட வேண்டும். குமிழி குமிழியாகக் காற்று வரும். தடித்த துணியால் மேல் ஹோசைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டால் இன்னும் வரும். கதவு திறந்ததும் நீர் சட்டென்று கீழே இறங்கும். உடனே ஊற்ற வேண்டும். முகத்தை நேரே நீட்டக்கூடாது. மின்விசிறி எந்த நிமிடமும் சுழலும். துண்டு, சேலைத் தலைப்பு எல்லாம் தள்ளியே இருக்கட்டும். குமிழி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்தால், மூடியைப் போடலாம்.

மின்சார பம்பு உள்ள கார்களுக்கு முறை வேறு. காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும்.

வழியில் கொதித்தால்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடி போல அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் காருக்குள் நீர் கொதிக்காமல் இருக்கிறது. குக்கரைச் சூட்டோடு திறப்பீர்களா? இதையும் திறக்கக்கூடாது. முகமும் கையும் வெந்துபோகும். அம்மா கையில் உள்ள பச்சைத் தண்ணீரையும் கொதிக்கிற என்ஜினில் ஊற்றக்கூடாது. இரும்பு விரிசல் விடும். என்ஜினை நிறுத்திவிட்டு, அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

வடித்த பழைய கூலன்டைத் திறந்த சட்டியில் விடவேண்டாம். அது இனிக்கும். ஆனால் விஷம்! குழந்தையோ நாயோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து. மூடி போட்ட கேனில் ஊற்றி, ஷெட்டிலேயே கொடுத்துவிடலாம்.

மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது சிறு தொட்டியைப் பார்த்தால், நீர் ஒரு டம்ளர் குறைந்து இருக்கும். பயப்பட வேண்டாம். காற்று காலி செய்த இடத்துக்கு நீர் குடிபோயிருக்கிறது. கோடு வரை ஊற்றிவிடலாம். நாலாம் நாளும் குறைந்தால், எத்தனை முறை விரட்டினாலும் குமிழி வந்துகொண்டே இருந்தால், அது வெளியே இருந்து புகுந்த காற்று அல்ல. கேஸ்கெட்டு வழியாக என்ஜின் புகையே நீரில் கலக்கிறது. அப்போது ஊட்டிப் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, காரை நேராக ஷெட்டுக்கு விட வேண்டும்.