மலை இறங்கினால் எரியும் சிவப்பு விளக்கு

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி என்பார்கள்.

படி ஏற முடியாதவர்களுக்கு மோட்டார் ரோடு இருக்கிறது. ஏறும்போது எஞ்சினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை.

அந்த ரோட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டி. பூக்கூடை, பழக்கூடை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்வரும். இரண்டு கை மாறி வந்த வண்டியை ஓர் இளைஞர் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். குடும்பத்துக்கே சோறு போடுகிற வண்டி அது.

அதில் ஒரு விசித்திரம்! மலை இறங்கும்போது, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு. அடிவாரம் வந்ததும் அணைந்துவிடும்.

"வயர் கோளாறுதான். பல்பைக் கழற்றிப் போடு" என்றார் ஒரு நண்பர்.

நல்ல வேளை, அவர் கழற்றவில்லை. பட்டறைக்குப் போனார்.

"அண்ணே, மலையிலே மட்டும் எரியுது. சமதரையிலே எரியலே."

"மலையிலேதானே தம்பி பிரேக் வேணும்?" என்றபடி பானெட்டைத் தூக்கினார் மெக்கானிக்.

இரண்டு கோடு

அந்த விளக்கு எரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது கைப் பிரேக். நெம்புகோலுக்கு அடியில் சிறு சுவிட்ச் இருக்கும். பழைய வண்டியில் நெம்புகோல் முழுதும் இறங்காமல் நின்றுவிடும். ஒரு முறை தூக்கி, நன்றாக அழுத்தி இறக்கினால் விளக்கு அணைகிறதா? அணைந்தால் கோளாறு அங்கேதான்.

அணையாவிட்டால் பிரேக் எண்ணெயைப் பார்க்கவேண்டும். பானெட்டைத் திறந்தால் சிறிய பிளாஸ்டிக் டப்பா தெரியும். அதில் இரண்டு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். உள்ளே ஒரு மிதவை உண்டு. எண்ணெய் இறங்கினால் மிதவையும் இறங்கும், விளக்கு எரியும்.

இப்போது மலை விஷயம் புரிகிறதல்லவா? வண்டி மூக்கைக் குனிந்து இறங்கும்போது டப்பாவும் சாய்கிறது. எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அளவு சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கீழ்க்கோட்டைத் தொட்டு நின்றால், சாய்ந்தவுடன் மிதவை தாழ்ந்துவிடும். சமதரையில் மறைந்திருக்கிற குறையை மலை காட்டிக்கொடுத்துவிட்டது!

"அப்போ எண்ணெய் ஊத்திட்டா போதுமாண்ணே?"

"விளக்கு அணைஞ்சிடும் தம்பி. போன எண்ணெய் எங்கே போச்சு?"

அதுதான் கேள்வி. பிரேக் கட்டை தேயத் தேய எண்ணெய் மெதுவாக இறங்கும். அதற்கு மாதக்கணக்காகும். சில நாளில் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உள்பக்கம், ரப்பர் குழாய், மிதி பெடலின் அடி மூன்றையும் தடவிப் பார்க்கவேண்டும்.

பெடலும் பேசும். மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல அமுங்கினால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று. எஞ்சின் ஓடும்போதே கட்டைபோல் இறுகினால் வாக்குவம் பம்பைப் பார்க்கவேண்டும். பல பழைய டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும்.

எண்ணெய் நிறைய இருந்தும் எரிகிறதா? டப்பா மூடியில் உள்ள வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அணைந்தால் மிதவைக் கோளாறு. அணையாவிட்டால் கைப் பிரேக் வயர். அதற்கும் அணையாவிட்டால் வயர் எங்கோ இரும்பில் உரசுகிறது. நண்பர் சொன்ன வயர் கோளாறும் உண்டுதான். ஆனால் அது கடைசியில் வரவேண்டிய முடிவு.

காலில் இருந்து சக்கரத்துக்கு

நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக் வைத்து முதலில் விற்பனைக்கு வந்த கார் அமெரிக்காவின் டூசன்பர்க். ஆண்டு 1921. நம் பக்கத்தில் 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. திருத்தணிக்கு அருகே சோளிங்கரில் அதன் வார்ப்பாலை இருக்கிறது. 2003-ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கிய ஆலை அது!

இந்த எண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம். காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். "டாட் 3" எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிதான். மலையில் மிதித்தபடியே இறங்கினால் பிரேக் பழுக்கும். எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் வெறுமனே தரையைத் தொடும். அதனால்தான் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். எண்ணெயையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

சாவியைத் திருப்பியதும் பிரேக் விளக்கு ஒரு முறை எரிகிறதா என்றும் பார்க்கவேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. பல்பைக் கழற்றிவிட்டு விற்கிற மகான்களும் உண்டு.

பட்டறையில் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே ஒரே ஈரம். சிலிண்டர் ரப்பர் கிழிந்து, பிரேக் கட்டை எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. இளைஞர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பேசவில்லை.

வண்டி மறுநாள் மாலைதான் கிடைத்தது. அன்று பூக்கூடைகள் தலைச்சுமையாகப் படி வழியே மலையேறின.