ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது

கினிகத்தேனையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் எஞ்சின் படும் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். வண்டியின் அடியில் புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிட்டிக் கன்வேட்டரை, அது களவு போனால் ஒழிய, யாரும் நினைப்பதில்லை.

பெற்றோல் வாகனத்தில் அது நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அலுமினாப் பூச்சின் மேல் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகியவை சில நனோமீற்றர் அளவுத் துகள்களாக ஒட்டியிருக்கும். 2 நனோமீற்றர் துகள் என்றால் ஏறக்குறைய பாதி அணுக்கள் மேற்பரப்பில் நிற்கும். வேலை பார்ப்பவை அவைதான். துகள் 20 நனோமீற்றராகப் பருத்துவிட்டால் இருபதில் ஒன்றே வெளியே தெரியும். உலோகம் அதே அளவுதான், வேலைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள்.

துகளைப் பருக்க வைப்பது சூடு. 800 பாகை செல்சியஸை ஒட்டிப் போனால் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று இணையும். சிறியதிலிருந்து அணுக்கள் கழன்று பெரியதில் சேர்வதும் உண்டு. தேயிலைக் கொழுந்தில் சின்னப் பனித்துளி வற்ற, பெரிய துளி பருப்பதுபோல. ஒட்சிசன் கூட இருந்தால் பிளாற்றினம் ஒட்சைட்டாகி ஆவியாகவே இடம் மாறும். பலேடியத்தோடு கலப்புலோகமாக்கினால் இந்த ஓட்டம் மட்டுப்படும்.

கலப்புலோகத் துகளும் சும்மா இருப்பதில்லை. பெர்க்லியில் கபோர் சொமோர்ஜாய் குழு 2008இல் காட்டியது: ரோடியம்-பலேடியம் துகளைச் சுற்றி நைத்திரிக் ஒட்சைட்டு இருந்தால் ரோடியம் வெளியே வருகிறது, காபனோரொட்சைட்டும் சேர்ந்தால் பலேடியம் மேலே வருகிறது. அதுவும் 300 பாகையிலேயே. சுற்றியுள்ள வாயுவுக்கேற்ப உலோகம் இடம் மாறும் இந்தக் குணத்தையே டைஹட்சு கார் நிறுவன ஆய்வாளர்கள் அதற்கு முன்பே, 2002இல், சாதகமாக்கினார்கள். பலேடியம் பெரொவ்ஸ்கைட்டு எனும் ஒட்சைட்டுப் பளிங்குக்குள் போவதும், திரும்பி வந்து சிறு துகளாவதுமாக இருந்ததால் பருக்க நேரமே கிடைக்கவில்லை.

மலைநாட்டு ஓட்டத்தில் நான் அதிகம் பயப்படுவது ஏற்றத்துக்கு அல்ல. கன்வேட்டர் நன்றாகச் சூடேறியபின், உச்சியில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எஞ்சின் பெற்றோலை நிறுத்திவிடுகிறது. கொதிக்கும் உலோகத்தின்மேல் வெறுங்காற்று பாய்கிறது. துகள் பருக்க இதைவிடத் தோதான நேரம் இல்லை. இதற்காகவே, கன்வேட்டர் மிகச் சூடாக இருக்கையில் பெற்றோலை முழுதாக நிறுத்தாதபடி சில எஞ்சின்களை அமைக்கிறார்கள்.

இதிலும் மோசமானது பழுதான பிளக். எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள் போய் எரிந்தால் 1000 பாகையைத் தாண்டிவிடும். பீங்கானே உருகவும் கூடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வீடு போய்ப் பார்ப்போம் என்று இழுக்காமல், அடுத்த கராஜிலேயே நிறுத்துவது நல்லது. செலவு பிளக்கின் விலையோடு போய்விடும்.